நுரைக்காத பிரஷ்: திண்டுக்கல் தண்ணீரின் சிறு வரலாறு

பேட்ஜர் முடியில் செய்த ஷேவிங் பிரஷ்ஷைப் பற்றி ஆண்கள் சொல்லும் புகார்களை அடுக்கினால் ஐந்துக்கு மேல் போகாது. முடி கொட்டுகிறது. நாறுகிறது. கன்னத்தில் குத்துகிறது. நிமிர்ந்து நிற்காமல் துவண்டு விழுகிறது. ஐந்தாவதுதான் பெரிய புகார்: நுரை வரமாட்டேங்குது. வந்தாலும் ரேஸரைக் கையில் எடுப்பதற்குள் அமுங்கிப்போகிறது. ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கியதற்கு முக்குக் கடையில் தொங்கும் நைலான் பிரஷ்ஷே தேவலாம் என்று தோன்றிவிடும்.

முதல் நான்கு புகார்களுக்கும் விடை பிரஷ்ஷுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாவதுக்கு விடை தேடினால் பிரஷ்ஷை விட்டு வெளியே வரவேண்டியிருக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் போர் தண்ணியில் குழைத்தால் தயிர் திரிந்த மாதிரி நிற்கும் சோப்பு, அதே பிரஷ்ஷோடு கொடைக்கானல் ஏறினால் பொங்கி வழியும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த வகைப் பிழை நன்றாகத் தெரியும். "என் மெஷின்ல ஓடுதே!" என்பது எங்கள் தொழிலின் தேசிய கீதம். ஒரே நிரல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொண்டால், நிரலைத் திட்டுவதை நிறுத்திவிட்டுச் சூழலைப் பார்க்கணும்.

முடி, சோப்பு, தண்ணீர் என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு போகலாம். எச்சரிக்கையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். குளியலறையில் ஆரம்பிக்கும் இந்த விசாரணை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போகும்.

1. முடி

பேட்ஜர் நம்மூர் ஆட்கள் அதிகம் பார்த்திராத பிராணி. நீர்நாயின் குடும்பம். மண்ணில் வளை தோண்டி வாழும், மூஞ்சியில் கறுப்பு வெள்ளைப் பட்டை ஓடும். அதன் முடிக்கு ஒரு குணம் உண்டு. நடுவில் பருத்து நுனியில் ஊசியாக மெலியும். அதனால் முடிக்கற்றையின் நுனி மெத்தென்று இருக்கும், உள்ளே முடிகளுக்கு இடையில் தண்ணீர் நிறையத் தங்கும். 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் இந்த முடியை வைத்து ஷேவிங் பிரஷ் செய்வது பரவியது. பிரெஞ்சில் இன்றைக்கும் பேட்ஜருக்கும் ஷேவிங் பிரஷ்ஷுக்கும் ஒரே சொல்தான்: பிளேரோ. இன்று உலகச் சந்தைக்கு வரும் பேட்ஜர் முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் பேட்ஜரைக் கொல்வதும் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். அதற்கென்றே 1992-ல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

பெட்டியின் மேல் ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று தரம் போட்டிருப்பார்கள். இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 'பெஸ்ட்' இன்னொரு கம்பெனியின் 'ப்யூர்' ஆக இருக்கலாம். ஆகவே தரப்பெயரை நம்பாமல் முடியைப் பார்க்க வேண்டும். அசல் முடியில் நுனி வெளிறி, நடுவில் ஒரு கறுப்புப் பட்டை ஓடி, அடியில் மறுபடி வெளிறும். பன்றி முடிக்குச் சாயம் பூசி இந்தப் பட்டையைப் போலி செய்வதுண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் மட்டமான சாயம் கசியும். உதிர்ந்த ஒரு முடியைத் தீயில் காட்டினால் விலங்கு முடி கருகி நாறும், நைலான் உருகி உருண்டையாகும்.

முடியில் போலி செய்வது இப்போது கிளம்பிய பித்தலாட்டம் இல்லை. அதற்கு ரத்தம் சிந்திய வரலாறு உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்கள், குடிமக்கள் பலருக்கு முகத்திலும் கழுத்திலும் கறுப்புத் தழும்போடு கொப்புளம் கிளம்பியது. சிலர் செத்தார்கள். நோய் ஆந்த்ராக்ஸ். ஆடு மாடுகளுக்கு வரும் அடைப்பான் என்று நம்மூரில் சொல்லும் அதே நோய்தான். மனிதர்களில் அதுவரை தோல், கம்பளி, முடி இவற்றோடு மல்லுக்கட்டும் தொழிலாளிகளையே அதிகம் பிடித்துவந்த நோய், ஆபீஸ் குமாஸ்தாவின் கன்னத்தில் எப்படி வந்தது? துப்புத் துலக்கியபோது எல்லாரிடமும் இருந்த பொதுவான பொருள் புதிதாக வாங்கிய ஷேவிங் பிரஷ்.

போர் வணிக வழிகளைக் குலைத்திருந்தது. பேட்ஜர் முடி கிடைக்கவில்லை. ஆசியாவிலிருந்து வந்த குதிரை முடியை பேட்ஜர் மாதிரி தோற்றம் காட்டி, மலிவு விலைக்கு பிரஷ் கட்டி விற்றார்கள். போருக்கு முன்னால் சுத்தம் செய்து தரம் பிரித்து வந்த முடி, இப்போது சரியாகக் கிருமி நீக்காமலே வந்தது. ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகள் வறட்சியிலும் வருடக்கணக்கில் சாகாது. சவரத்தில் விழும் சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். பிரிட்டன் 1919-ல் ஆந்த்ராக்ஸ் தடுப்புச் சட்டம் போட்டது. அடுத்த வருடமே ஜப்பானிய ஷேவிங் பிரஷ்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. ஒரு பொருள் ஏமாற்றம் தந்தால், அதை யார் எங்கே எப்படிக் கழுவினார்கள் என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இந்தக் கதையே போதும். கழுவுவது என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரப்போகிறது.

முடியின் மேல் உள்ள புகார்களை முடித்துவிடலாம். புது பிரஷ்ஷில் விலங்கு வாடை அடிப்பது இயல்பு. ஷாம்பூ போட்டு நாலைந்து தடவை அலசினால் போய்விடும். முதல் சில வாரங்களில் சில முடிகள் உதிர்வதும் இயல்பு. மாதக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருந்தால் அடியில் முடிக்கற்றையைப் பிடித்திருக்கும் பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். கொதிக்கிற தண்ணீரில் முக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பருமனுக்கு மீறி உயரமான கற்றை துவளும். அது கட்டியவர் செய்த வேலை, நம்மால் ஒன்றும் பண்ண முடியாது. மிக அடர்த்தியான கற்றை நுரையை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வெளியே விடாது. லேசாகப் பிழிந்துகொடுத்தால் விட்டுவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நுரை வரவில்லை என்றால், முடியை விடுதலை செய்துவிடலாம்.

2. சோப்பு

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. ஷேவிங் சோப்பில் பொட்டாசியம் உப்பும் சேர்ந்திருக்கும். இது தண்ணீரில் கரையும், அதனால் நுரைக்கும். தண்ணீரில் கால்சியமோ மக்னீசியமோ கரைந்திருந்தால் சோப்பு முதலில் அவற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப் பிறக்கும் கால்சியம் சோப்பு கரையாது, நுரைக்காது. வெள்ளைத் திப்பியாக மிதக்கும். பக்கெட்டின் உள்விளிம்பில் வளையமாகப் படியும் பிசுக்கு அதுதான். தண்ணீரில் இருக்கும் கால்சியம் எல்லாவற்றுக்கும் சோப்பு படையல் வைத்துத் தீர்ந்த பிறகே நுரை நமக்கு. இந்தக் குணமுள்ள தண்ணீருக்குக் கடின நீர் என்று பாடப்புத்தகப் பெயர். திண்டுக்கல்லில் உப்புத் தண்ணி.

19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க் இதைத் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தினார். தண்ணீர் சோப்பைக் கெடுக்கிறது என்றால், எவ்வளவு சோப்பு கெட்டது என்பதை வைத்தே தண்ணீரை அளக்கலாம் இல்லையா? புட்டியில் தண்ணீரை ஊற்றி, அளந்த சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்க வேண்டும். நிலையான நுரை எப்போது நிற்கிறதோ அப்போது நிறுத்திக் கணக்கு பார்த்தால் கடினத்தன்மை கிடைத்துவிடும். அவர் பெயராலேயே ஓர் அலகும் இருந்தது. நவீன வேதிப் பரிசோதனைகள் வரும்வரை உலகம் தண்ணீரை அளந்தது நுரையை வைத்துத்தான்.

இதைப் பிடித்துக்கொண்டால் நம் பிரஷ்ஷுக்கே வேறொரு முகம் வந்துவிடுகிறது. நுரைக்காத பிரஷ் ஒரு தோற்ற சாதனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது தினமும் காலையில் தவறாமல் ஓடும் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை. ரிப்போர்ட்டைத்தான் நாம் படிக்கத் தெரியாமல் இருந்தோம்.

சோப்பு வருவதற்கு முன்னால் இந்தப் பிரச்சினை நம்மூரில் இவ்வளவு உறைக்கவில்லை. சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை ஆகியவற்றில் நுரை தருவது சபோனின் என்ற வேறு வகைப் பொருள். கால்சியம் அதைப் பிடித்துத் திப்பியாக்குவதில்லை. நாவிதர் பெட்டியில் கத்தியும் சாணைக்கல்லும் கிண்ணமும் இருக்கும்; தண்ணீரைத் தொட்டு விரலால் தேய்த்துத் தேய்த்து முடியை இளக்கிவிட்டு மழிப்பார். இதே மாவட்டத்தில் பழனி முடிக்கொட்டகையில் மொட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரும் கத்தியும்தான், நுரைக்கு வேலையே இல்லை. 1888-ல் கல்கத்தா துறைமுகத்தில் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. அதற்குப் பின்வந்த நூற்றாண்டில் சோப்பு வீட்டுக்கு வீடு நுழைந்தது. பாறைக்கிணற்று ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது.

3. கணக்கு

கடினத்தன்மையை ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்று சொல்வார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் அளவுகோலில் ஏற்கத்தக்க அளவு 200. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

வேதியியல் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால் ஒரு மில்லிகிராம் கடினத்தன்மை சுமார் 6 மில்லிகிராம் சோப்பைத் தின்னும். 600 அளவுள்ள தண்ணீர் 15 லிட்டர் பக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டால், முழுசாகத் தின்ன விட்டால் 55 கிராம் சோப்பு காலி. குளியல் சோப்புக் கட்டியில் பாதி. உப்புத் தண்ணியில் துவைக்கிற வீட்டில் சோப்பு கரைந்து காணாமல் போவதாக அம்மாக்கள் புலம்புவது முழுக்க அறிவியல்.

ஆனால் பிரஷ்ஷுக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு சிக்கல் வருகிறது. பிரஷ் பிடித்துவைத்திருக்கும் தண்ணீர் 15 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 600 கடினத்தன்மையில் அது தின்னக்கூடிய சோப்பு 55 மில்லிகிராம், கடுகளவு. ஒரு சவரத்துக்கு நாம் எடுக்கும் சோப்பு கிட்டத்தட்ட ஒரு கிராம் இருக்கும். அப்படியென்றால் சேதாரம் நூற்றுக்கு ஐந்தாறுதான். இவ்வளவுக்கா நுரை சாகும்? கொஞ்சம் சோப்பைக் கூட்டினால் சரியாகிவிட வேண்டுமே. புது பிரஷ்ஷில் அப்படிச் சரியாகவும் ஆகிறது. ஒரு மாதம் கழித்துத்தான் ஆகமாட்டேன் என்கிறது.

இடத்தை மாற்றித் தேட வேண்டும். சவரம் முடிந்ததும் பிரஷ்ஷைக் குழாயடியில் காட்டி அலசுகிறோமே, அங்கே. அப்போது கற்றைக்குள் அரை கிராம் சோப்பு மிச்சம் இருக்கலாம். அதை முழுக்கத் திப்பியாக மாற்ற 600 அளவுள்ள தண்ணீர் 140 மில்லி போதும், ஒரு டம்ளருக்கும் குறைவு. குழாயடியில் லிட்டர் கணக்கில் ஊற்றுகிறோம். சோப்பைக் கழுவி வெளியே அனுப்புவதாக நினைத்துக்கொண்டு, கரையாத கால்சியம் சோப்பாக மாற்றி முடியின் அடிவேரில் பூசிவிடுகிறோம். தினமும் ஒரு பூச்சு. கால்சியம் சோப்புத் துகள்களுக்கு நுரையை உடைக்கும் குணமும் உண்டு. ஆகவே இன்று காலை நுரையைக் கொன்றதில் இன்றைய தண்ணீரின் பங்கு கொஞ்சம்தான். நேற்றும் முந்தாநாளும் போன மாதமும் அலசிய தண்ணீர்தான் முக்கியக் குற்றவாளி. பிரஷ்ஷுக்கு ஞாபகம் இருக்கிறது.

பரிகாரம் இந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடுகிறது. வெதுவெதுப்பான நல்ல தண்ணி ஒரு டம்ளரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, கற்றையை மட்டும் ஐந்து பத்து நிமிடம் முக்கிவைக்க வேண்டும். அமிலம் கால்சியத்தைப் பிரித்துவிடும். கொழுப்பு அமிலம் பிசுக்காக மிஞ்சும். அதை ஷாம்பூ போட்டு, நல்ல தண்ணியிலேயே அலச வேண்டும். ஷாம்பூவில் இருப்பது செயற்கை நுரைப்பொருள், சோப்பு மாதிரி திப்பியாகாது. அதற்குப் பிறகு தினமும் சவரம் முடிந்ததும் முதல் அலசலை நல்ல தண்ணியில் முடித்துவிட்டால் போதும், ஒரு டம்ளர் செலவு. வரிசை முக்கியம். குழாயடியில் அலசிவிட்டுக் கடைசியாக நல்ல தண்ணி காட்டினால் பிரயோஜனம் இல்லை, திப்பி அதற்குள் ஆகிவிட்டிருக்கும்.

"தண்ணியக் காய்ச்சினா சரியாகாதா?" என்று கேட்கலாம். பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்து குறையும். குளோரைடாகவும் சல்பேட்டாகவும் இருப்பது எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் இந்தக் குளோரைடு எங்கிருந்து வந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

4. பாறை

கொஞ்சம் உப்பு பாறையே தந்தது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன இந்த ஊருக்குப் பெயரிலேயே கல் இருக்கிறது. கோட்டை இருக்கும் குன்றும் கல், அடியில் இருக்கும் தரையும் கல். இங்கே ஆற்றுமணல் படிந்த டெல்டாவில் போல ஆழமான ஊற்று கிடையாது. நைஸ், சார்னோகைட் வகைக் கடினப்பாறையின் வெடிப்புகளிலும், மேலே சிதைந்த பாறையிலும் தேங்குவதே நிலத்தடி நீர். பாறை கரையக் கரையக் கால்சியம் தண்ணீரில் சேரும். தென்மேற்குப் பருவமழையை மேற்கே பழனி மலைத்தொடர் மறித்துக்கொள்வதால் சமவெளிக்கு மிச்சம்தான் வருகிறது. மழை குறைந்து வெயில் கூடினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு நிற்கும்.

அதனால்தான் நகரம் குடிக்க எப்போதும் வெளியே கையேந்தியது. கொடகனாற்றின் மேல் ஆத்தூரில் உள்ள காமராஜர் நீர்த்தேக்கம், வைகையில் பேரணை, பிறகு காவிரி என்று ஒவ்வொன்றாகக் குழாய் போட்டார்கள். பிரியாணி ருசிக்கு ஆத்தூர் டேம் தண்ணிதான் காரணம் என்பது ஊர்ப்பேச்சு. வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு சாதி உண்டாகிவிட்டது. குழாயில் முறைவைத்து வருவது நல்ல தண்ணி. குடத்தில் பிடித்து அடுக்களையில் மூடிவைப்பார்கள். போரில் ஏறுவது உப்புத் தண்ணி. மாடித் தொட்டி வழியாகக் குளியலறைக்குப் போகும். ஷேவிங் பிரஷ் வசிப்பது இந்த இரண்டாவது ராஜ்யத்தில்.

பாறை தந்த உப்போடு ஊர் காலங்காலமாக அனுசரித்துப் போயிருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் நெல்லும் காய்கறியும் விளைந்தன. கிணற்றுத் தண்ணீரில் பயிரே கருகுகிற நிலைமைக்குப் பாறை மட்டும் காரணம் ஆகமுடியாது.

5. சுண்ணாம்பு

திண்டுக்கல்லின் பழைய தொழில்களில் ஒன்று தோல் பதனிடுதல். தமிழ்நாட்டில் இது ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பி வளர்ந்தது. அப்படிப் பதனிட்ட தோலுக்கு லண்டன் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல் என்றே பெயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதித்துக் காட்டினார். 1970-களில் மத்திய அரசு, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலாக அனுப்பச் சொன்னது. அந்நியச் செலாவணி கூடுதலாக வரும் என்பது கணக்கு, வந்தது. முன்பு வெளிநாட்டில் நடந்த கழுவல்களும் சாயங்களும் இப்போது இங்கேயே நடந்தன. கழிவும் இங்கேயே நின்றது.

தோல் ஷாப்பில் நடக்கும் முதல் இரண்டு வேலைகளைப் பார்த்தால் போதும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டு வைத்திருப்பார்கள். முதல் வேலை, தண்ணீரில் ஊறப்போட்டு அந்த உப்பை வெளியேற்றுவது. இரண்டாவது வேலை, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த குழியில் போட்டு முடியை இளக்கிச் சுரண்டி எடுப்பது. ஆவாரம்பட்டையோ குரோமோ, எது பின்னால் வந்தாலும் உப்பும் சுண்ணாம்பும் முன்னால் வந்தே தீரும்.

இரண்டுமே மண்ணுக்குள் இறங்கும். சுண்ணாம்பு நேரடியாகக் கால்சியம். சமையல் உப்பில் கால்சியம் இல்லை, ஆனாலும் அது வேறொரு வேலை செய்கிறது. களிமண் துகள்கள் பிடித்துவைத்திருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்துகொள்ளும்; வெளியே வந்த கால்சியம் குளோரைடோடு சேர்ந்து கிணற்றுக்குப் போகும். காய்ச்சினாலும் போகாத கடினத்தன்மை இதுதான். ஆட்டுத்தோலின் முடியை எடுக்கப் போட்ட சுண்ணாம்பும், அந்தத் தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பும், பல வருடம் கழித்துச் சீனத்து பேட்ஜரின் முடியில் திப்பியாக வந்து ஒட்டுகின்றன.

இந்தக் குழிகளில் முதலில் வெந்தது மண் இல்லை, மனிதக் கால்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். திண்டுக்கல்லில் வாழ்ந்த டி. செல்வராஜ் இவர்களைப் பற்றித்தான் 'தோல்' நாவலை எழுதினார்; 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது அதற்குக் கிடைத்தது. பாறையும் தொழிலும் கலந்த இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேதியியல் ரிப்போர்ட்டோடு அந்த நாவலையும் சேர்த்துத்தான் வாசிக்கணும்.

6. 467 கிணறுகள்

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைக் கழிவுகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டது. பெயரில் வேலூர் இருந்தாலும் வழக்கு ஐந்து மாவட்டங்களைப் பற்றியது. வடஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர்., திண்டுக்கல் அண்ணா. மாவட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் ஒட்டியிருந்த காலம்.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் இதை முக்கியமாகப் படிக்கிறார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு ஆதாரத்துக்குக் காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று இது அறிவித்தது. நாட்டின் தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் நீதிமன்றம் இதைச் சொன்னது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பாதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு வசூலிக்கத் தனி ஆணையம். தொடர்ந்து கண்காணிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பசுமை அமர்வு.

தீர்ப்பில் திண்டுக்கல்லைப் பற்றி ஒரு வரி வருகிறது. ஒரு தொண்டு நிறுவனம் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் கிணறு கிணறாகப் போய் எண்ணியது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

வழக்கில் ஆலைகள் தரப்பு எதிர்த்து வாதாடியவற்றில் முக்கியமானது கழிவில் கரைந்திருக்கும் மொத்த உப்புக்கு வைத்த வரம்பு. அதாவது டி.டி.எஸ். வரம்பு, லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அவர்கள் இதைக் குறிவைத்ததற்குக் காரணம் உண்டு. குரோமியத்தை வீழ்படிவாக்கி எடுக்கலாம், அழுகும் கழிவை நுண்ணுயிர்களை வைத்துத் தின்னவைக்கலாம். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இவற்றைச் செய்யக் கட்டியவை. கரைந்த உப்பு மட்டும் எந்த வடிகட்டிக்கும் நுண்ணுயிருக்கும் மசியாது. சவ்வு வைத்துப் பிரித்தாலும் அடர்ந்த உப்புநீராக ஒரு பக்கம் தேங்கும். அதைக் காய்ச்சி உப்பாக்கினால் மூட்டையாக நிற்கும். உப்பை அழிக்க முடியாது, இடம் மாற்ற மட்டுமே முடியும். நீதிமன்றம் வாரியத்தின் வரம்பையே உறுதி செய்தது.

ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தீர்ப்புக்குப் பின் வந்த ஆண்டுகளில் மேல் கொடகனாற்றுப் படுகையை ஆராய்ந்தார்கள். திண்டுக்கல்லைச் சுற்றி சுமார் 80 தோல் ஆலைகள் இருந்ததை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உப்பு பாறை வெடிப்புகள் வழியாக எப்படி நகர்கிறது என்பதைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். அதில் ஊருக்கு நல்ல செய்தி இல்லை. கழிவு வருவதைக் குறைத்துவிட்டாலும் ஏற்கனவே இறங்கிய உப்பு வெளியேற நெடுங்காலம் ஆகும்.

இதைப் படிக்கும்போது பிரஷ் கணக்கு மறுபடி முன்னால் வந்து நிற்கிறது. கற்றைக்குள் தங்கிய திப்பி இன்றைய தண்ணீரின் குற்றம் இல்லை, போன மாதங்களின் அலசல். கிணற்றில் தங்கிய உப்பும் அப்படித்தான். இன்று ஓர் ஆலை நேர்மையாக நடக்கலாம், இன்னொன்று மூடியே கிடக்கலாம். கிணறு காட்டுவது பழைய கழுவல்களின் கூட்டுத்தொகையை.

7. வெள்ளைக் கேன்

ஊர் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்துவிட்டது. ஆர்.ஓ. இயந்திரம் அடுக்களைச் சுவரில் ஏறியது. முடியாதவர்கள் வீட்டுக்கு 20 லிட்டர் கேன் வந்தது. சவ்வு கால்சியத்தையும் சோடியத்தையும் தள்ளி நிறுத்திவிடும். அந்தத் தண்ணீரில் பிரஷ் அற்புதமாக நுரைக்கும். பிழை தீர்ந்தது, டிக்கெட்டை மூடிவிடலாம்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒட்டுப்போடுவது என்று பெயர். ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணி எடுக்க, வீட்டு இயந்திரங்கள் அதைவிட அதிகத் தண்ணீரை அடர்ந்த உப்போடு இன்னொரு குழாய் வழியாகச் சாக்கடைக்கு விடுகின்றன. சாக்கடையிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து மறுபடி போருக்கு. 80 தோல் ஆலைகள் செய்ததோடு இதை ஒப்பிட முடியாது. அளவில் இது துளி. ஆனால் உப்பு பாறையை விட்டுப் போகவில்லை, நம் டம்ளரை விட்டு மட்டும்தான் போயிருக்கிறது. காசு இருக்கிறவர் பிரஷ் நுரைத்துவிடும். கேன் வாங்க முடியாதவரும், கிணற்றை நம்பிப் பயிர் வைத்தவரும் அதே தண்ணீரோடு நிற்பார்கள். தென்னைக்கு யாரும் ஆர்.ஓ. தண்ணீர் பாய்ச்ச முடியாது.

பிரஷ்ஷுக்கு வினிகர் இருக்கிறது. பாறைக்கு அப்படி ஒன்று கிடையாது. அதற்குத் தெரிந்த ஒரே அலசல் மழைதான். கண்மாயும் ஊருணியும் தூர்வாரிக் கிடந்து, மழை உள்ளே இறங்கினால் வருடத்துக்குக் கொஞ்சம் நீர்க்கும். புது உப்பு இறங்காமல் இருந்தால் மட்டும்.

ஆகவே புது பிரஷ் வாங்கி ஏமாந்தவர்களுக்குக் கடைசியாக ஒரு பரிசோதனை. ஒரே மாதிரி இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மழைத்தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் பாதி, இன்னொன்றில் போர் தண்ணி பாதி. இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல். மூடிக் குலுக்கி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எதில் நுரை எத்தனை விரற்கடை நிற்கிறது என்று பாருங்கள். பிரஷ் குற்றவாளியா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கடைக்காரரிடம் சண்டை போடுவதும் மிச்சம்.

தெரிந்ததும் அதோடு விட்டுவிடாமல், பாட்டிலை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் கிணற்றுக்கும் பக்கத்து ஊர்க் கிணற்றுக்கும் போகலாம். தேதி, கிணறு, நுரை என்று மூன்று கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். 350 கிணறுகள் கெட்டது நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் பதிவானதற்குக் காரணம், சிலர் ஊர் ஊராகப் போய் எண்ணியதுதான். எண்ணியவர்கள் கணக்கின்படி மிச்சம் 117 கிணறுகள் இருந்தன. அவை இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று ஒரு துண்டு சோப்பு சொல்லிவிடும்.